புழக்கடை மேடை: கட்டுவதற்கு முன் கவனிக்க வேண்டியவை

கிராமத்து வீடு நான்கு சுவர்களுக்குள் அடங்கிவிடுவதன்று. அடுப்பு வேலை உள்ளே நடக்கிறது. ஏனைய வேலைகளிற் பெரும்பகுதி புழக்கடையில்தான் நடைபெறுகிறது. புளி உடைத்தல், வற்றல் உலர்த்துதல், தானியம் புடைத்தல், மாட்டுக்குத் தீனி நறுக்குதல், மாலையில் வீட்டார் கூடி இளைப்பாறுதல் ஆகிய யாவற்றிற்கும் அதுவே இடம். இருந்தும், முன்வாசல் திண்ணைக்கு நாம் செலுத்தும் கவனத்திற் பத்தில் ஒரு பங்கும் புழக்கடைக்குச் செலுத்துவதில்லை. மழைக்காலத்தில் அது சேறு, கோடையில் புழுதி. இக்குறையை நீக்கப் புழக்கடையில் ஒரு மேடை அமைத்துக்கொள்ளலாமென்று எண்ணும் குடும்பத்தார் பலர். எண்ணம் நல்லதே.

ஆனால் அதை நிறைவேற்றும் முறையில்தான் நஷ்டம் நேருகிறது. கொத்தனாரை அழைத்து, கையை நீட்டி, "இந்த இடத்தில் ஒரு மேடை போட்டுவிடுங்கள்" என்று சொல்வதோடு பலருடைய யோசனை முடிந்துவிடுகிறது. மேடை கட்டுவது சில நாளைய வேலை. அதிலுள்ள குறைகளோ இருபது வருஷம் வீட்டாருடன் குடியிருக்கும். அதிலும் பிழையான மேடை தான் மட்டும் கெட்டுப்போவதில்லை. மழை ஜலத்தை மறித்து வீட்டுச் சுவரின் அடியில் நிறுத்தி, வீட்டையே கெடுத்துவிடுகிறது. கடன் வாங்கிக் கட்டிய மேடைக்குத் தவணை முடியுமுன்பே வீட்டை மராமத்துச் செய்ய மறுகடன் வாங்க வேண்டிவருமாயின், அதைவிட வருந்தத்தக்கது வேறில்லை. ஆகையால், முதற் கூடை மண் கொட்டுவதற்கு முன் யோசித்து முடிக்க வேண்டிய விஷயங்களைச் சங்க அங்கத்தினர்களுக்கு இங்கே வரிசையாக எடுத்துரைப்போம். இவை கிருஷ்ணன்கோவில், ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் வட்டாரத்தின் வெயில், மழை, காற்று, மண் ஆகியவற்றை மனத்திற்கொண்டு எழுதப்பட்டவை.

1. மேடை எதற்காக?

முதற் கேள்வி இதுவே. உலர்த்துவதற்கான மேடையும் உட்காருவதற்கான மேடையும் ஒன்றல்ல. உலர்த்தும் மேடைக்கு நாள் முழுதும் வெயில் வேண்டும். உட்காரும் மேடைக்குப் பிற்பகல் நிழல் வேண்டும். உலர்த்தும் மேடை ஓரடி உயரம் இருந்தாற் போதும்; கூடையுடன் ஏறி இறங்குவது எளிது. உட்காரும் மேடை ஒன்றரை அடி உயரமாயின், அதன் விளிம்பே நாற்காலிபோல் உதவும். முதியோர் முழங்காலை அதிகம் மடக்காமல் உட்கார்ந்து எழலாம்.

வீட்டிலுள்ள பெண்மக்களைக் கேளாமல் இக்கேள்விக்கு விடை காண முயல்வது வீண். புழக்கடையில் அதிக நேரம் வேலை செய்பவர் அவர்களே. வருஷத்தில் எந்த மாதத்தில் எந்தப் பண்டம் எவ்வளவு உலர்த்தப்படுகிறது, தண்ணீர்க் குடம் எவ்வழியே வருகிறது, பாத்திரம் துலக்குவது எங்கே என்பவற்றை அவர்கள் நன்கறிவார்கள். அவர்கள் சொல்வதை ஒரு காகிதத்தில் எழுதிக்கொள்க. மூன்று உபயோகங்களுக்கு மேல் எழுத வேண்டாம். எல்லாவற்றிற்கும் உதவுமென்று கட்டப்படும் மேடை பெரும்பாலும் ஒன்றுக்கும் முழுமையாக உதவுவதில்லை.

அளவையும் உபயோகத்தைக்கொண்டே நிச்சயிக்க வேண்டும். கயிற்றுக் கட்டில் ஒன்று சுமார் ஆறடி நீளமும் மூன்றடி அகலமும் பிடிக்கும். அதைச் சுற்றி ஒருவர் நடக்க இரண்டரை அடி வேண்டும். இரண்டு கட்டிலும் நடைபாதையும் கொள்ள 12 அடி நீளமும் 10 அடி அகலமும் போதுமானவை. இக்கட்டுரையில் இவ்வளவையே உதாரணமாகக் கொள்வோம்.

2. வெயிலும் காற்றும்

நமது வட்டாரம் பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏறக்குறைய ஒன்பதரைப் பாகையில் உள்ளது. இதனால் ஒரு விசேஷம் உண்டு. சித்திரை முதல் வாரத்திலிருந்து ஆவணி நடுப்பகுதி வரை, நண்பகலில் சூரியன் நம் உச்சிக்குச் சற்று வடக்கே நிற்கிறது. மற்ற மாதங்களில் தெற்கே சாய்ந்திருக்கிறது. பத்தடி உயரமுள்ள சுவரின் நண்பகல் நிழல், மார்கழி முற்பகுதியில் வடக்கு நோக்கி ஆறரை அடி நீளும். ஆனி மாதத்தில் அதே சுவரின் நிழல் தெற்கு நோக்கி இரண்டரை அடியே விழும்.

இக்கணக்கின் பிரயோஜனம் யாதெனில், வீட்டுக்கு வடக்கே ஒட்டிக் கட்டப்பட்ட மேடையில் மார்கழி, தை மாதங்களில் பாதிக்கு மேல் வெயில் படாது. புளி வந்து சேரும் மாசி நடுவிலும் அங்கே மூன்றடி அகலம் நண்பகலில் நிழலாகவே இருக்கும். உலர்த்துவதே முக்கியமென்போர் வீட்டின் தென்புறத்தையோ, சுவரிலிருந்து விலகிய திறந்த இடத்தையோ தேர்ந்தெடுப்பது நலம்.

உட்காருவதே முக்கியமாயின் வீட்டின் கீழ்ப்புறம் சிறந்தது. பிற்பகல் வெயிலை வீடே மறைத்துக்கொள்ளும். ஆனி, ஆடி மாதங்களில் மலைப்பக்கத்திலிருந்து வீசும் மேல்காற்றின் வேகத்தையும் புழுதியையும் வீட்டுச்சுவர் தடுக்கும். மேல்புறத்து மேடையில் மாலை ஐந்து மணிக்குத் தளம் கொதித்துக்கொண்டிருக்கும், உட்கார இயலாது.

காற்றைப் பற்றி மற்றொன்றையும் கவனிக்க வேண்டும். இப்பகுதி பால் வளத்துக்குப் பேர்போனது. ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவா 2019ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றது. பல புழக்கடைகளில் மாட்டுத் தொழுவம் உண்டு. தொழுவத்துக்கு நேர் கிழக்கே மேடையிருந்தால், ஆடிக் காற்றில் வாடையும் ஈயும் மேடைக்கே வரும். ஐப்பசியில் வடகிழக்குக் காற்று வீசுவதால், தொழுவத்துக்குத் தென்மேற்கிலும் அதே தொல்லை. தொழுவத்துக்குத் தெற்கிலோ வடக்கிலோ இயன்றவரை விலகி மேடையை அமைத்தல் நல்லது.

3. மேலேயும் கீழேயும் உள்ளவை

நிழலுக்காகத் தென்னையின் அடியில் மேடை கட்டுவோர் சிலர். காயும் மட்டையும் விழும் இடத்தில் குழந்தைகளைப் படுக்கவைப்பது ஆபத்து. முருங்கைக் கிளை காற்றில் எளிதில் முறியும். வேம்பு நல்ல நிழல் தரும். ஆயின் அடிமரத்தைச் சுற்றி மூன்றடியாவது மண்ணைத் திறந்துவிட வேண்டும். தூரை நெருக்கித் தளம் போட்டால், மரம் பருக்கும்போது தளம் வெடிக்கும். வேருக்கு நீரும் காற்றும் குறைந்து மரமும் வாடும்.

தரைக்குக் கீழே என்ன உள்ளதென்பதை அநேகர் கேட்பதேயில்லை. கழிப்பறையின் உறிஞ்சு குழியோ மலத்தொட்டியோ புழக்கடையில்தான் இருக்கும். அதன் மூடி மேடைக்கடியில் மறைந்துவிட்டால், தொட்டி நிறைந்த அன்று மேடையை உடைப்பதைத் தவிர வேறு வழியில்லை. குடிநீர்க் குழாய் செல்லும் பாதையையும் தெரிந்துகொள்ள வேண்டும். ஆழ்துளைக் கிணறு இருப்பின், பழுதான மோட்டாரைக் குழாய்களுடன் நேரே மேலே தூக்குவதற்கு இடமும், வண்டி வந்து நிற்க வழியும் விட வேண்டும். இவை யாவற்றையும் குறித்து, புழக்கடையின் படம் ஒன்று வரைந்துகொள்க. படம் அழகாக இருக்க வேண்டுவதில்லை. அடிக்கணக்கு சரியாக இருந்தாற் போதும்.

எல்லையையும் அளந்துகொள்ள வேண்டும். அண்டை வீட்டாரின் சுவரையொட்டி மண் நிரப்பினால் அவர்கள் சுவரில் ஓதம் ஏறும்; மேடை நீர் அவர்கள் பக்கம் பாய்ந்தால் வழக்கு ஏறும். தமிழ்நாட்டில் 2019ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டிட விதிகள், கட்டிடத்தைச் சுற்றித் திறந்த இடம் விடுவதைப்பற்றிக் கூறுகின்றன. மேடைக்கு இன்று கூரையில்லாவிடினும் பிற்காலத்தில் போடும் உத்தேசமிருந்தால், ஊராட்சி அலுவலகத்தில் முன்னதாகவே விசாரித்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

4. ஜலத்தின் வழி

மேடைத் திட்டத்தின் சாரம் இப்பகுதியிலேயே அடங்கியுள்ளது. மண்ணை உயர்த்தும் எவரும் ஜலத்தின் வழியை மாற்றுகிறார். மாற்றப்பட்ட ஜலம் எங்கே போகுமென்பதை அவர் தீர்மானிக்காவிடில், ஜலமே தீர்மானித்துக்கொள்ளும்.

நமக்கு ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வரும் வடகிழக்குப் பருவமழையே பிரதானம். ஒரே நாளில் ஐந்து சென்டிமீட்டர் மழை பெய்வதாகக் கொள்வோம். 12 அடிக்கு 10 அடி மேடையின்மீது மட்டும் சுமார் 560 லிட்டர் விழும். வீட்டுக் கூரையின் ஒரு பக்கம் 20 அடிக்கு 10 அடி இருந்து, அதன் இறவாரத்து நீரும் அவ்விடத்திலேயே இறங்குமாயின், இன்னும் 930 லிட்டர் சேரும். ஆகமொத்தம் சுமார் 1,500 லிட்டர். ஏறக்குறைய நூறு குடம் தண்ணீர். மேடை இல்லாத காலத்தில் இந்நீர் மண்ணில் பரவி ஊறியது. மேடை வந்தபின் அது ஒரு விளிம்பில் திரண்டு விழும். அவ்விளிம்பு வீட்டுப் பக்கமாயின், நூறு குடம் நீரைத் தினந்தோறும் சுவரின் அடியில் நாமே கொட்டுவதற்கு ஒப்பாகும். சுவர் மண்ணாலானதாயின் அடி கரையும். செங்கல்லாயின் ஓதம் ஏறிச் சுண்ணாம்பு உதிரும்.

ஆகையால் மேடைத் தளத்துக்கு வீட்டிலிருந்து வெளிப்புறமாக வாட்டம் கொடுக்க வேண்டும். ஆறடிக்கு ஓரங்குலம் என்பது போதுமான வாட்டம். பன்னிரண்டடி நீளத்துக்கு இரண்டு அங்குலம். கட்டிலோ குடமோ சாய்ந்து நிற்பதாகத் தோன்றாது. நீர் மட்டும் தங்காது ஓடிவிடும். விழும் நீரை ஒரு சிறு வாய்க்கால்மூலம் தென்னம்பாத்திக்கோ, கல்லும் மணலும் நிரப்பிய உறிஞ்சு குழிக்கோ கொண்டுசெல்க. தமிழ்நாட்டில் 2003ஆம் ஆண்டில் எல்லாக் கட்டிடங்களுக்கும் மழைநீர்ச் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டதை அங்கத்தினர்கள் அறிவார்கள். வீட்டில் ஏற்கெனவே அத்தகைய குழியிருப்பின் மேடை நீரையும் அதிற் சேர்க்கலாம்.

5. வீட்டுச் சுவரும் மேடையும் சந்திக்கும் இடம்

வட அமெரிக்காவில் வீட்டின் பின்புறம் மரப்பலகைகளால் மேடை அமைப்பது பெருவழக்கு. அதனை டெக் என்று அழைக்கிறார்கள். அங்கே பல ஊர்களில் நகராட்சிக்கு வரைபடம் கொடுத்து அனுமதி பெற்ற பின்னரே கட்டலாம். அம்மேடைகள் சரிந்துவிழும் விபத்துக்களிற் பெரும்பாலானவை நேருவது ஒரே இடத்தில். மேடையின் சட்டம் வீட்டுச் சுவரோடு பிணைக்கப்பட்ட இடத்தில். உறுதியான திருகாணிகளுக்குப் பதிலாக ஆணிகளை மட்டும் அடித்திருப்பதும், சந்திப்பில் மழைநீர் புகுந்து மரம் உளுத்துப்போவதும் அதற்குக் காரணங்கள்.

நமது மேடைகள் மரத்தாலானவை அல்ல. கறையானும் மழையும் மிகுந்த இவ்விடத்தில் மரமேடை நெடுநாள் நில்லாது. அடியில் வெற்றிடம் இருந்தால் பாம்பும் தேளும் குடிபுகும். எனவே சுற்றுச்சுவர் எழுப்பி, உள்ளே மண் நிரப்பி, மேலே தளம் போடுவதே நமக்குத் தக்க முறை. எனினும் வலுவிழந்த இடம் இங்கும் அதுவே. நான்கு பக்கச் சுவருக்குப் பதிலாக மூன்று பக்கம் மட்டும் கட்டி, நான்காவதாக வீட்டுச் சுவரையே வைத்துக்கொள்வது வழக்கமாகிவிட்டது. நம் உதாரண மேடையில் இதனால் மிச்சப்படுவது சுமார் 260 செங்கற்கள். இந்தச் சிறு ஆதாயத்துக்காக ஈரமண்ணை வீட்டுச் சுவரோடு நிரந்தரமாக அணைத்துவைக்கிறோம். ஓதமும் கறையானும் ஏறுவதற்கு ஏணி வைத்ததுபோல் ஆகிறது.

மேடைக்குத் தனியாக நான்கு சுவர் வேண்டும். வீட்டுச் சுவருக்கும் மேடைக்கும் இடையே இரண்டடி விட்டு, அதில் வாட்டமுள்ள சிமெண்டு வாய்க்கால் அமைத்தால் இறவாரத்து நீரும் அதன்வழியே போய்விடும். வாய்க்காலைக் கடக்க ஒரு கற்பலகை போதும். இடம் குறுகியதாயிருந்து ஒட்டியே கட்ட நேரிட்டாலும், நான்காவது சுவரை விட்டுவிடக் கூடாது. மேடைத் தளம் வீட்டுத் தளத்துக்கு ஆறங்குலமாவது தாழ்ந்திருக்க வேண்டும்.

6. மண்ணின் குணம்

நமது வட்டாரத்தில் மலையடிவாரம் நோக்கிச் செல்லுந்தோறும் செம்மண் மிகுதி. கிழக்கே சாத்தூர்ப் பக்கம் கரிசல். செம்மண்ணில் இறுகிய மண் தோன்றும்வரை தோண்டினால் இத்தகைய சிறு மேடைக்குப் போதும். பெரும்பாலும் ஓரடி முதல் ஒன்றரை அடிக்குள் அது அகப்படும்.

கரிசலின் குணம் வேறு. மழையில் அது உப்பி எழும். கோடையில் சுருங்கிப் பிளக்கும். குளிர் நாடுகளில் தரையிலுள்ள ஈரம் உறைந்து மண்ணை மேலே தள்ளுவதால், அங்குள்ளோர் உறைபனி எட்டாத ஆழம்வரை கடைக்கால் தோண்டுகிறார்கள். நமக்கு உறைபனி இல்லை. கரிசலே அந்த வேலையைச் செய்கிறது. கரிசற் புழக்கடையில் மேடை கட்டுவோர், கடைக்கால் வரும் இடத்தில் கரிசலை இரண்டடி ஆழம் அகற்றி, சரளையும் மணலும் நிரப்பி, நீர் விட்டுத் திமிசு போட்டுக் கெட்டிப்படுத்திய பிறகே சுவர் எழுப்ப வேண்டும். தோண்டிய கரிசலையே மேடைக்குள் நிரப்புவது பெருந்தவறு. உள்ளிருந்து உப்பிச் சுவரை வெளியே தள்ளிவிடும். அதை வயலுக்கு அனுப்பிவிட்டு, மேடைக்குச் சரளை மண் கொணர்க.

7. தரையிலேயே வரைந்து பார்த்தல்

இதுவரை நிச்சயித்தவற்றைக் காகிதத்திலிருந்து தரைக்கு மாற்ற வேண்டும். நான்கு முளைக்குச்சியும் ஒரு கயிறும் போதும். முதலில் 12 அடி நீளத்துக்குக் கயிறு கட்டுக. மூலை சதுரமாயிருக்கிறதா என்றறிய, ஒரு பக்கம் மூன்றடியிலும் மறுபக்கம் நான்கடியிலும் குறியிட்டு, இரு குறிகளுக்கும் இடையே அளந்து பார்க்க. ஐந்தடி வந்தால் மூலை சரி. நான்கு மூலையும் அமைந்தபின் குறுக்கு மூலைகள் இரண்டையும் அளக்க. இரண்டும் சமமாயிருக்க வேண்டும்.

நிலத்தின் உயர்வு தாழ்வை அறிய, கண்ணாடிபோன்ற ரப்பர்க் குழாயில் தண்ணீர் நிரப்பிக் கொத்தனார்கள் பார்க்கும் மட்டமே போதுமானது. குழாயின் இருமுனையிலும் நீர் ஒரே மட்டத்தில் நிற்கும். ஒவ்வொரு முளையிலும் அம்மட்டத்தைக் குறித்துக்கொண்டால், எந்த மூலையில் எவ்வளவு மண் வேண்டுமென்பது தெரிந்துவிடும்.

பின்னர் அக்கயிற்றை அவிழ்க்காமல் ஒரு மாதம் விட்டுவைக்க. கயிற்றுக்குள் கட்டிலைப் போட்டு மாலையில் உட்கார்ந்து பாருங்கள். பாயை விரித்து வற்றல் உலர்த்திப் பாருங்கள். காலை எட்டு மணி, நண்பகல், மாலை நான்கு மணி ஆகிய மூன்று வேளைகளிலும் நிழலின் ஓரத்தில் ஒரு கல் வையுங்கள். குடம் சுமந்து வருபவர் கயிற்றைச் சுற்றிக்கொண்டு போக வேண்டியிருக்கிறதா, தொழுவத்திலிருந்து மாட்டை ஓட்டிவர வழியிருக்கிறதா என்பதைக் கவனியுங்கள். மழை பெய்தால் குடையுடன் வெளியே சென்று, நீர் எங்கே தேங்குகிறது, எப்பக்கம் ஓடுகிறது என்று பார்த்து அடையாளமிடுங்கள். முளையைப் பிடுங்கி இரண்டடி தள்ளி நடுவதற்குச் செலவு ஒன்றுமில்லை. கட்டிய சுவரை இரண்டடி தள்ளிவைக்க எவராலும் இயலாது.

8. கணக்கு

மேடை 12 அடிக்கு 10 அடி. உயரம் ஒன்றரை அடி. சுவர் முக்கால் அடிக் கனம். தரைக்குக் கீழே ஓரடி. இதன்படி வேண்டிய பொருள்கள் பின்வருமாறு:

சுவர்க் கட்டுமானம்: சுமார் 77 கன அடி. கன அடிக்குப் பதின்மூன்று வீதம் ஏறக்குறைய 1,000 செங்கல். உடைசலுக்கும் சேர்த்து 1,100.

உட்புற நிரப்பு மண்: கெட்டிப்பட்ட கணக்கில் சுமார் 90 கன அடி. கொட்டும் மண் இறுகிக் குறைவதால் 115 கன அடி வாங்க வேண்டும். வண்டிக்காரர்கள் சொல்லும் யூனிட் 100 கன அடியாகும். ஆகவே ஒரு யூனிட்டுக்குச் சற்று அதிகம்.

மேலே போடும் நாலங்குல ஜல்லிக் கலவை: சுமார் 30 கன அடி.

இவற்றோடு மேற்பூச்சு அல்லது பாவுகல், படிகள், வாய்க்கால், உறிஞ்சு குழி ஆகியவற்றையும் சேர்க்க வேண்டும். படிகளை மறப்பவர் பலர். ஒன்றரை அடி உயரத்தை ஆறங்குலம் வீதம் மூன்றாகப் பிரித்தால், தரைக்கும் மேடைக்கும் இடையே இரண்டு படிகள் வரும். மிதிக்கும் அகலம் பத்தங்குலத்துக்குக் குறையலாகாது. ஒரு படி ஐந்தங்குலமும் மற்றொன்று எட்டங்குலமுமாயிருந்தால் இருட்டில் முதியோர் இடறி விழுவர்.

இத்தகைய கணக்கு கையிலிருந்தால் செலவைக் குறைக்கும் வழியும் புலப்படும். உதாரணமாக, உயரத்தை ஒன்றரை அடியிலிருந்து ஓரடியாக்கினால் சுவரில் சுமார் 200 செங்கல்லும், நிரப்பு மண்ணிற் கிட்டத்தட்டப் பாதியும் குறையும். உலர்த்துவதே உத்தேசமாயின் இந்தச் சிக்கனம் மேடையின் பயனைக் குறைக்காது. நான்காவது சுவரை விடுவதும், கடைக்கால் ஆழத்தைக் குறைப்பதும் சிக்கனமாகா.

ஒவ்வொரு பொருளுக்கும் அன்றைய உள்ளூர் விலையை இரண்டு இடங்களில் விசாரித்து எழுதி, கூலியையும் வண்டிச் சத்தத்தையும் கூட்டி, மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கை எதிர்பாராச் செலவுக்கென ஒதுக்குக. இக்கணக்கைப் பார்த்த பிறகே கடனைப்பற்றி யோசிக்க வேண்டும். மேடை சௌகரியம் தருவது; நேராக வருமானம் தருவதன்று. விதைக்கும் உரத்துக்கும் வாங்கிய கடனை விளைச்சல் அடைக்கும். மேடைக்கு வாங்கிய கடனைக் குடும்பத்தின் மிச்சம்தான் அடைக்க வேண்டும். உலர்த்தும் வசதியால் புளியும் வற்றலும் மண் கலவாமல் இருந்து நல்ல விலைக்குப் போகுமாயின் அந்த ஆதாயத்தையும் எழுதிக்கொள்ளலாம். ஆனால் குறைத்தே எழுதுக. கணக்கு இல்லாமல் நகையை அடகு வைத்து, பாதி மேடை எழும்பியதும் பணம் தீர்ந்து, இரண்டாம் முறை அடகுக்குப் போவதே குடும்பங்களை வருத்துவது.

9. இரண்டு பருவமாகக் கட்டுதல்

முழுத்தொகையும் ஒரே சமயத்தில் கையிலில்லாதவர்களுக்கு நல்ல வழியொன்று உண்டு. அது வேலைக்கும் உகந்தது. அறுவடை முடிந்து சற்று ஓய்வுள்ள மாசி மாதத்தில் கடைக்கால் தோண்டி, சுவர் எழுப்பி, மண் நிரப்பிவிடுக. மண்ணை ஆறங்குலக் கனமாகக் கொட்டி, நீர் தெளித்து, திமிசு போட்டு, அதன்மேல் அடுத்த ஆறங்குலம் கொட்ட வேண்டும். ஒரேயடியாகக் கொட்டிய மண் பின்னர் இறங்கித் தளத்தைப் பிளக்கும். மேடையை அந்நிலையிலேயே விட்டுவைத்தால் சித்திரை, வைகாசிக் கோடைமழையில் மண் இறங்குமளவும் இறங்கிவிடும். ஆவணியில் குறைந்த இடத்தை நிரவித் தளம் போடலாம். ஐப்பசி மழைக்குள் மேடை முற்றிலும் ஆயத்தமாகிவிடும்.

தளம் போட்டபின் ஏழு நாளேனும் வைக்கோலோ ஈரச்சாக்கோ பரப்பி நீர் விட்டுவர வேண்டும். காற்றும் வெயிலும் மிகுந்த நாளில் தளம் விரைவில் உலர்ந்து மேற்புறம் முழுதும் நூல்போல் வெடிப்புக் காணும். தண்ணீர் கிடைக்காத வாரத்தில் தளம் போடாமலிருப்பதே மேல்.

பிற்காலத்தில் பந்தலோ கூரையோ போட விருப்பமிருந்தால், கால் நடுவதற்கான குழிகளை இப்போதே விட்டுவைக்க வேண்டும். பந்தற் காலுக்காகப் பனையை வெட்ட நினைப்பவர்கள் ஒன்றை அறிதல் வேண்டும். 2021ஆம் ஆண்டில் தமிழ்நாட்டின் முதல் தனி வேளாண்மை நிதிநிலை அறிக்கையில், பனைமரத்தை வெட்ட நேரிட்டால் மாவட்ட ஆட்சியரின் அனுமதி பெற வேண்டுமென அறிவிக்கப்பட்டது. விழுந்த மரத்தையோ, கற்காலையோ, இரும்புக் குழாயையோ பயன்படுத்துவது எளிது.

10. கொத்தனாருடன் பேசவேண்டியவை

நல்ல கொத்தனாரின் அனுபவம் எந்தக் கட்டுரையிலும் அடங்காதது. வரைபடத்தை அவரிடம் காட்டி அபிப்பிராயம் கேளுங்கள். மண்ணைத் தோண்டிப் பார்த்துவிட்டு அவர் சொல்லும் மாற்றத்தை ஏற்றுக்கொள்ளுங்கள். அதே சமயம், பேசி முடித்தவற்றை எழுத்தில் வைத்துக்கொள்வது இருவருக்கும் நன்மை. நீளம், அகலம், உயரம், கடைக்கால் ஆழம், கலவை விகிதம், வாட்டத்தின் திசை, படிகளின் எண்ணிக்கை, எந்தெந்த நிலையில் எவ்வளவு பணம் என்பவற்றை ஒரு தாளில் எழுதி இருவரும் ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்க. தளம் போட்டு முடிந்ததும், கடைசித் தவணையைக் கொடுக்குமுன், வீட்டுப் பக்கத்து விளிம்பில் நாலு குடம் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். நீர் முழுதும் வாய்க்காலுக்கு ஓடினால் வேலை சரி. எங்கேனும் தேங்கினால் அன்றே திருத்திக்கொள்ளலாம்.

முடிவாக, வேலை தொடங்குமுன் கீழ்க்கண்ட கேள்விகளுக்கு வீட்டார் அனைவரும் ஒருமித்து விடை சொல்ல முடிகிறதா என்று பார்க்க வேண்டும்.

மேடை யாருக்கு, எதற்கு, எம்மாதங்களில் உதவ வேண்டும்?
அந்நேரத்தில் அவ்விடத்தில் வெயிலா, நிழலா?
அடியில் மூடி, குழாய், வேர் ஏதேனும் உண்டா?
மேடைமீது விழும் நீரும் கூரை நீரும் எங்கே போய்ச் சேரும்?
வீட்டுச் சுவரை ஈரமண் தொடாமலிருக்க என்ன ஏற்பாடு?
மண் செம்மண்ணா, கரிசலா?
மொத்தச் செலவு எவ்வளவு? அதில் கையிலுள்ளது எவ்வளவு?

ஏழுக்கும் தெளிவான விடை கிடைத்தால் கடைக்கால் தோண்ட நாள் பார்க்கலாம். ஒன்றுக்கேனும் விடை இல்லையெனில், கயிறும் முளையும் இன்னும் ஒரு மாதம் இருக்கட்டும். அம்மாதத்தில் நமக்கு ஆகும் செலவு ஒன்றுமில்லை.